கூலம் கொத்தும் வண்ணக் குருவிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் குறளும் சிலம்பும் கம்பனும் முழங்குவதே நம் சங்கத்து மரபு. இவ்வாண்டு விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, குருவிகளைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். காரணமும் சொன்னார்கள். நம் காலனியில் பல இல்லங்களின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். மார்கழி பிறந்ததும் அவர்கள் அங்கிருந்து கைப்பேசியில் படம் அனுப்புகிறார்கள். வெண்பனி மூடிய கிளையில் குங்குமத்தை அள்ளிப் பூசினாற்போல் ஒரு குருவி! கோடை வந்தால் எலுமிச்சை மஞ்சளில் ஒன்று, அவுரி நீலத்தில் ஒன்று. படத்தைப் பார்த்த பாட்டிமார் இரண்டு வினாக்களை எழுப்பினார்களாம். ஒன்று, "இஃது என்ன குருவி?" மற்றொன்று, "நம் சித்தூரிலும் திருப்பதியிலும் இப்படி ஒன்று ஏன் இல்லை?" இரண்டாம் வினாவே நம்மைப் பேசத் தூண்டியது. ஏனெனில் அவ்வினாவிலேயே ஒரு பிழை இருக்கிறது. நம் ஊரில் இல்லாமல் இல்லை, நாம் பார்ப்பதில்லை.

முதலில் படத்துக் குருவிகளுக்கு வருவோம். பனியில் அமர்ந்த அந்தச் சிவப்பன் கார்டினல் என்னும் பறவை. கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல்மார் அணியும் செவ்வாடையை ஒத்த நிறம் என்பதால் அப்பெயர் வந்தது. மைனாவின் அளவு இருக்கும். தலையில் கொண்டை, தடித்த செம்மஞ்சள் அலகு, அலகைச் சுற்றிக் கரிய முகமூடி. பனிக்காலத்தில் பிற பறவைகள் பல தெற்கே போய்விட, இது மட்டும் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவேதான் பனிப்படங்களில் இதுவே தவறாமல் இடம் பெறுகிறது. ஓஹியோ, விர்ஜீனியா முதலிய ஏழு மாநிலங்கள் இதனைத் தம் மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளன. பெண் பறவை அத்தகைய சிவப்பன்று. மங்கிய பழுப்பில் இறக்கையும் கொண்டையும் சற்றே சிவந்திருக்கும். ஆனால் பாட்டில் அவள் குறைந்தவள் அல்லள். பாடும் பறவைகளில் ஆணே பாடும் என்பது பொதுவாக எல்லாரும் சொல்வது. கார்டினல் இனத்தில் பெண்ணும் இனிமையாகப் பாடும்.

எலுமிச்சை மஞ்சளில் கரிய நெற்றியும் கரிய இறக்கையும் உடையது அமெரிக்கப் பொற்குருவி. அவுரி நீலத்தது இண்டிகோ பன்டிங். டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் மற்றொன்றையும் காணக்கூடும். நீலத் தலை, பச்சை முதுகு, சிவந்த வயிறு என்று ஒரே உடலில் மூன்று சாயத் தொட்டிகளில் முக்கி எடுத்தது போன்ற அப்பறவைக்குப் பெயின்டட் பன்டிங் என்று பெயர். இத்தனை நிறம் ஒரு பறவைக்குத் தேவையா என்று நமக்கே தோன்றுவதுண்டு.

இப்பறவைகளை எல்லாம் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். நிறத்தில் ஒன்றுக்கொன்று உறவில்லை. ஆனால் அலகைப் பாருங்கள்! எல்லாவற்றுக்கும் அடி தடித்து, நுனி குறுகி, கூம்பு வடிவான குட்டை அலகு. பாக்குவெட்டியை ஒத்த அந்த அலகின் விளிம்பில் விதையை வைத்து, நாவினால் உருட்டி, உமியைக் களைந்து, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் உண்ணும். இதுவே கூலம் உண்ணும் குருவியின் அடையாளச் சின்னம். பூச்சி பிடிக்கும் பறவைக்கு ஊசி போன்ற அலகும், தேன் குடிக்கும் பறவைக்கு வளைந்த நீண்ட அலகும் உள்ளன அல்லவா? தொழிலுக்கு ஏற்ற கருவி. பறவையை இனங்காண விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது இதுவே: நிறத்தை மறந்து, அலகைப் பார்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே வகை அலகு இருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறியவர்கள், தம் ஊர்ப் பறவையின் சாயலைக் கண்ட இடமெல்லாம் தம் ஊர்ப் பெயரையே இட்டார்கள். பன்டிங் என்ற பெயரும் அவ்வாறு போனதே. நாம் சற்று முன்னர்க் கூறிய இரு பன்டிங்குகளும் ஐரோப்பிய பன்டிங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. கார்டினலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊரை விட்டுப் போனவன் பழைய பெயரைக் கையோடு கொண்டு போவது இயல்புதானே. சொந்த ஊரின் பெயரைத் தெருவுக்கும் வீட்டுக்கும் சூட்டியிருக்கும் நம் காலனியாருக்கு இது புதிதன்று.

இனி நம் ஊருக்கு வருவோம்.

சித்தூர் மாவட்டமும், 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அதிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பிரித்து அமைத்த திருப்பதி மாவட்டமும் கூலக் குருவிகளுக்கு ஏற்ற நிலம். கேழ்வரகும் கம்பும் நெல்லும் விளையும் புன்செய் நன்செய்கள், கரும்புத் தோட்டங்கள், கோரையும் நாணலும் அடர்ந்த ஏரிக்கரைகள், பொன்முகலி ஆற்றின் மணற்படுகை, சேசாசல மலையடிவாரத்துப் புதர்க் காடு என எதற்கும் குறைவில்லை. சித்தூரிலிருந்து தெற்கே எல்லையைத் தாண்டினால் வள்ளிமலை. வள்ளிநாயகி பரண்மேல் நின்று கவண் சுழற்றித் தினைப்புனம் காத்த இடம் அது என்று சொல்லி வழிபடுகிறோம். கிளியை ஓட்டியதாகவே கதை சொல்லும். தினைக்கொல்லையைக் கண்டறிந்தவர்கள், அங்கே கிளியை விட மிகுதியாக வந்து இறங்குவது எது என்று அறிவார்கள். நம் பாட்டன்மார் அதனைத் தினைக்குருவி என்றார்கள். நூல்வழக்கில் சில்லை என்பர்.

சில்லை என்பது ஒரு பறவை அன்று, ஒரு கூட்டம். சிட்டுக்குருவியை விடச் சிறியது. நம் கட்டைவிரலை விடச் சற்று நீளம், அவ்வளவே. ஆனால் அலகு மட்டும் உடலுக்கு மீறித் தடித்தது. இருபதும் முப்பதுமாகக் கூடிப் புல்லின் கதிரைப் பற்றித் தொங்கும். ஒன்று எழுந்தால் எல்லாம் எழும்.

நம் பக்கத்தில் எளிதில் காணத்தக்கது வெண்தொண்டைச் சில்லை. வறண்ட வெளி, முட்புதர், இருப்புப்பாதை ஓரத்துப் புல் எல்லாம் இதற்கு உகந்தவை. மேலே மங்கிய மண் நிறம், கீழே வெண்மை, கூரிய கரிய வால், அலகு ஈய நிறம். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளை தெரியும். இதனைக் கண்டு எவரும் வியந்ததில்லை. இதன் கதைக்குப் பின்னர் வருவோம்.

அடுத்தது புள்ளிச் சில்லை. மேனி பாக்கு நிறம். முகமும் தொண்டையும் அதனினும் அடர்ந்த நிறம். மார்பும் வயிறும் வெண்மையில் மீன் செதிள் வரைந்தது போன்ற கருங்கோடுகள். அருகில் இருந்து பார்த்தால் நுண்ணிய கோலமிட்ட தரையை ஒக்கும். இதன் குஞ்சுகள் வளர்ந்து பறக்கும் பருவத்தில் கோலமே இராது, வெறும் பழுப்புதான். தனியே ஒன்றைக் கண்டால் தேர்ந்தவர்களும் தயங்குவர். அப்போது அதன் உடன் வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கருந்தலைச் சில்லை நன்செய்க்கும் நாணற் காட்டுக்கும் உரியது. தலை மை போல் கறுப்பு, முதுகு செங்காவி, விலாப்புறம் தூய வெள்ளை, வயிற்றின் நடுவே மீண்டும் கறுப்பு. மூன்று நிறமும் எல்லை வகுத்தாற்போல் நிற்கும். காட்டோரத்தில் வெண்முதுகுச் சில்லையும் உண்டு. அதனை அதன் பெயரே காட்டிவிடும்.

இனி, நம் பாட்டிமாரின் வினாவுக்கு விடையாக வருவது சிவப்புச் சில்லை. ஆண் பறவை இனப்பெருக்கக் காலத்தில் செம்பவளச் சிவப்பு. அதன்மேல் வெண்முத்து தூவினாற்போல் புள்ளிகள். அந்தப் பனிக்கிளைக் கார்டினலுக்கு இஃது எவ்வகையிலும் இளைத்ததன்று, அளவில்தான் சிறிது. ஏரி நீர் வற்றிய கரையில் கோரைப் புதரிடையே பொறுமையாக நின்றால் அகப்படும். அந்தக் காலம் கழிந்ததும் ஆண் தன் செவ்வாடையைக் களைந்து பெண்ணைப் போலவே பழுப்பாகிவிடும். வாலடியில் மட்டும் சிவப்பு எஞ்சியிருக்கும். எனவே ஐப்பசியில் ஒருவர் கண்ட பறவையைச் சித்திரையில் மற்றொருவர் கண்டு, இது வேறு என்று வழக்காடினால் இருவர் கண்டதும் உண்மையே.

இந்த ஆடை மாற்றம் நம் சில்லைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பொற்குருவி குளிர்காலத்தில் மங்கிய பழுப்பாகிவிடும். நீலப் பன்டிங்கும் அவ்வாறே பழுப்பை உடுத்திக்கொண்டு தெற்கே செல்லும். பெயின்டட் பன்டிங்கின் ஆண் குஞ்சு முதலாண்டு முழுதும் தாயைப் போலப் பச்சையாகவே இருந்து, இரண்டாம் ஆண்டில்தான் மூவண்ணம் பெறும். நம் தூக்கணாங்குருவியும் இக்கட்சியைச் சேர்ந்ததே. மழைக்காலத்தில் ஆணின் உச்சியும் மார்பும் மஞ்சள், கன்னம் கறுப்பு. மற்றைய மாதங்களில் அதனைச் சிட்டுக்குருவிப் பெண்ணிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. கண்ணுக்கு மேலே ஓடும் மஞ்சள் கலந்த புருவக் கோட்டையும், தடித்த அலகையும், குட்டை வாலையும் வைத்தே துணிய வேண்டும்.

தூக்கணாங்குருவியைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் இதனைத் தெலுங்கில் கிஜிகாடு என்று படிக்கிறார்கள். வீட்டில் தூக்கணாங்குருவி என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று அறியாத பிள்ளைகள் நம் காலனியிலேயே உண்டு. கிணற்றின்மேல் சாய்ந்த பனையோலையிலோ கருவேலங் கிளையிலோ ஆண் குருவி கூடு பின்னத் தொடங்கும். புல்லையும் நெல்லின் இலையையும் ஓலையையும் நீள நீளக் கிழித்து வந்து, அலகே ஊசியாக முடிச்சிட்டுப் பின்னும். பாதி முடிந்ததும் நிறுத்திவிட்டு, கூட்டில் தொங்கியவாறு இறக்கையடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உட்புகுந்து இழுத்தும் அசைத்தும் பார்த்து, மனத்துக்குப் பிடித்தால்தான் மீதிக் கூடு. பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே கிடக்கும். பெண் பார்க்கும் படலம் இங்கே மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்கும் படலமாக மாறிவிடுகிறது! கூட்டினுள் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று நம் ஊரில் ஒரு கதை உண்டு. கூட்டில் ஈரக் களிமண் அப்பியிருப்பது உண்மை, விளக்கு கதையே. குடித்தனம் முடிந்து கைவிட்ட கூட்டில், நாம் மேலே சொன்ன வெண்தொண்டைச் சில்லை வாடகையின்றிக் குடியேறுவதும் உண்டு.

பெயரைப் பற்றி ஒரு சொல். நெல்லூரில் மருத்துவப் பணி ஆற்றிய தாமஸ் ஜெர்டன் என்னும் ஆங்கிலேயர் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில், பறவைகளின் தமிழ்ப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் கேட்டறிந்து குறித்து வைத்தார். தெலுங்கில் சில்லைக்கு ஜினுவாயி என்று பெயர். நம் காலத்தில் முனைவர் க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களை அரும்பாடுபட்டுத் திரட்டி நூலாக்கித் தந்தார். எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இரு மொழிப் பெயரும் உடைமையே. பக்கத்து வயலின் உழவரிடம் சில்லை என்றால் விழிப்பார். ஜினுவாயி என்றால் எங்கே கூட்டம் இறங்கும் என்று கைகாட்டுவார்.

ஒரு குருவியை இன்னது என்று அறிவதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்குச் சாலிம் அலியின் வரலாற்றைச் சொல்வோம். பம்பாயில் மாமன் வீட்டில் வளர்ந்த சிறுவன் அவர். 1908ஆம் ஆண்டு வாக்கில், பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால் வழக்கமான சிட்டுக்குருவியைப் போல் இருந்தும், தொண்டையில் மஞ்சள் பொட்டு வைத்தாற்போல் ஒரு கறை இருந்தது. இஃது என்ன பறவை, இதனை உண்ணலாமா என்று மாமனைக் கேட்டார். அவருக்கும் விளங்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராய் இருந்த மில்லார்டு என்பவர் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறி, பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவைகளை எல்லாம் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து அச்சிறுவனுக்குக் காட்டினார். பின்னாளில் 1941ஆம் ஆண்டு இந்தியப் பறவைகள் என்னும் புகழ்பெற்ற நூலை எழுதியவர் அச்சிறுவனே. 1985இல் வெளிவந்த தம் வரலாற்று நூலுக்கு அக்குருவியின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். அந்த மஞ்சள் தொண்டைச் சிட்டு நம் பக்கத்து உலர்ந்த காடுகளிலும் உண்டு. தொண்டைப் பொட்டைக் காண நல்ல வெளிச்சம் வேண்டும்.

நிற்க. வெண்தொண்டைச் சில்லையின் கதைக்குப் பின்னர் வருவோம் என்றோம். அதற்கு இப்போது வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிதிவண்டியில் கூண்டு கட்டிக்கொண்டு ஒரு வியாபாரி நம் தெருப்பக்கம் வந்தார். கூண்டில் பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று வண்ணக் குருவிகள். அமெரிக்கப் பறவை என்று கூவி விற்றார். பக்கத்துத் தெருக் குடும்பம் ஒன்று பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இணங்கி இரண்டு சோடி வாங்கிவிட்டது. மாலையில் அவ்வீட்டு அம்மையார் நம்மை அழைத்து, "அண்ணா, இது நிஜமாகவே அமெரிக்கக் குருவிதானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

நாம் நிறத்தைப் பார்க்கவில்லை. அலகு ஈய நிறம்; வால் கூர்மை; உடல் சிட்டுக்குருவியிலும் சிறிது. ஒன்று சிறகை விரித்தபோது இறக்கையின் உட்புறம் சாயம் ஏறாமல் மண் நிறமாகவே இருந்தது. "இல்லையம்மா, இது நம் வயலோரத்துச் சில்லை. பச்சைச் சாயம் பூசியிருக்கிறார்கள்" என்றோம். பிள்ளைகள் நம்பவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள், ஒரு குருவி அதில் இறங்கிக் குளித்தது, தண்ணீர் பச்சையாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் இரண்டு குருவிகள் இறந்தன. எஞ்சிய இரண்டை வனத்துறையிடம் ஒப்படைத்தோம்.

இது நம் ஊரில் மட்டும் நடந்த ஏமாற்று அன்று. இந்தியாவில் பல நகரச் சந்தைகளில் சில்லைகளைப் பிடித்துச் சாயமேற்றி வேற்று நாட்டுப் பறவை என்று விற்பது நெடுங்கால வழக்கம். வெண்தொண்டைச் சில்லையின் மேனி வெளிறியது ஆதலின் சாயம் அதில் நன்றாகப் பிடிக்கும். அதுவே அதற்குக் கேடாயிற்று. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1990-91 ஆண்டுகளில் வந்த தடையும் இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கின. வேற்று நாட்டுக் கூண்டுப் பறவைகளுக்கு அத்தடை இல்லை. ஆகவேதான் நம் ஊர்க் குருவிக்கு வேற்று நாட்டு வேடம் போட வேண்டியிருக்கிறது. வாங்குகிறவருக்கு அலகும் வாலும் தெரிந்திருந்தால் இவ்வேடம் ஒரு நாள் நிற்காது. சாயம் இறகில்தான் ஏறும், உடலில் ஊறாது. பறவை இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும்போது மண் நிறமே திரும்பி வரும். ஆனால் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே!

அமெரிக்காவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயின்டட் பன்டிங்கை ஆயிரக்கணக்கில் பிடித்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். கார்டினலும் விரும்பப்பட்ட கூண்டுப் பறவையாய் இருந்தது. 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் அங்கே வந்தது. அதன் பின்னரே இப்பறவைகள் கூண்டிலிருந்து கொல்லைக்கு வந்தன. இன்று நம் பிள்ளைகள் சன்னலோரம் சூரியகாந்தி விதை வைத்துப் படமெடுக்கும் சிவப்பனுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுச் சட்டம் நிற்கிறது.

கூண்டுப் பறவை நிறம் மங்குவதற்கும் காரணம் உண்டு. சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் உணவிலிருந்து வருவன. கனியிலும் விதையிலும் உள்ள வண்ணச்சத்து இறகில் ஏறுகிறது. கூண்டில் ஒரே தினையைத் தின்று வாழும் சிவப்புச் சில்லை, சிவப்பை இழந்து கருத்துப் போவதும் உண்டு. நீலம் மட்டும் வேறு கதை. பன்டிங்கின் இறகில் நீலச் சாயம் ஒரு துளியும் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறி நீலமாகத் தோன்றுகிறது. உதிர்ந்த இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழுப்பாகவே தெரியும். இந்த நீலக் குருவியைத்தான் 1960களில் எம்லன் என்ற அறிஞர் கோளரங்கத்துச் செயற்கை வானத்தின் கீழ் வைத்து ஆராய்ந்து, இரவில் வலசை போகும்போது விண்மீன்களைக் கொண்டு திசையறிகிறது என்று நிறுவினார். பிறந்த ஆண்டில் வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்று பார்த்தே குஞ்சு வடக்கைக் கற்றுக்கொள்கிறதாம்.

அமெரிக்கக் குருவி நம் ஊரில் இல்லை என்றார்கள் பாட்டிமார். நம் ஊர்க் குருவி அமெரிக்காவில் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கூண்டுகளில் கடல் கடந்து, அங்கே தப்பியோ விடுபட்டோ குடியேறியவை அவை. புள்ளிச் சில்லை 1860களில் ஹவாய்த் தீவுகளுக்குப் போயிற்று. இன்று கலிபோர்னியாவின் தென்பகுதியிலும் டெக்சாசிலும் புளோரிடாவிலும் குஞ்சு பொரித்து வாழ்கிறது. கருந்தலைச் சில்லை கரிபியன் தீவுகளில் இருக்கிறது. சிவப்புச் சில்லை ஹவாயிலும் ஸ்பெயினிலும் பிஜியிலும் நிலைபெற்றுவிட்டது. பிஜி என்றதும் நம் பக்கத்தார்க்கு நெஞ்சம் சற்றுக் கனக்கும். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் வட ஆர்க்காட்டார் பலர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன்னர்ச் சித்தூர் அந்த வட ஆர்க்காட்டின் தலைநகரமாய் இருந்தது. அவர்கள் பேரர்கள் அங்கே கரும்புக் கொல்லையில் காணும் சிவப்புக் குருவி, அவர்கள் பாட்டன் இங்கே ஏரிக்கரையில் கண்ட அதே குருவி.

அதன் அறிவியற் பெயரிலும் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லின்னேயஸ் 1758இல் இட்ட அமண்டவா என்ற பெயர் அகமதாபாத் என்பதன் திரிபு. அந்நகரிலிருந்து ஏற்றுமதியானதால் வந்த பெயர். வாழ்ந்த ஊரின் பெயரன்று, கப்பலேற்றி அனுப்பிய ஊரின் பெயர்!

இனி, பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். கைப்பேசியில் மெர்லின் போன்ற செயலிகள் உள்ளன. படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும், ஒலியைக் கேட்டும் சொல்லும். நல்லதுதான். ஆயின், பெயர் வந்ததும் பார்ப்பது நின்றுவிடுகிறது. அதற்கு முன் ஐந்து நிமிடம் கண்ணால் பாருங்கள். சிட்டுக்குருவியை விடப் பெரிதா, சிறிதா? அலகு எந்த நிறம்? பறக்கும்போது முதுகில் வெள்ளை தெரிகிறதா? தனியா, கூட்டமா? கதிரில் தொங்கியதா, தரையில் கொத்தியதா? எந்த மாதம்? இவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள். பழுப்புக் குருவிகளை விட்டுவிடாதீர்கள். அவற்றுள் பாதி பெண்கள், மீதி ஆடை மாற்றிய ஆண்கள். தரிசு நிலத்தில் மண்ணோடு மண்ணாகக் குந்தியிருக்கும் சாம்பல் தலை வானம்பாடியும் கூம்பு அலகுக் குருவியே. அது திடீரென்று மேலே எழுந்து, சீழ்க்கை ஒலியுடன் தலைகீழாகப் பாய்ந்து, மீண்டும் எழும்போதுதான் அங்கே ஒரு பறவை இருந்ததே நமக்குத் தெரியும். குளிர்காலத்தில் இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ரோசாக் குருவிகள் நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு வருகின்றன. ஆண் ரோசா நிறம், பெண் கோடிட்ட பழுப்பு.

வாய்ப்புள்ளவர்கள் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிக்கு ஒரு முறை சென்று வரலாம். 2022 வரை அது நம் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய பள்ளியின் அப்பள்ளத்தாக்கு, 1991இல் பறவைக் காப்பிடமாயிற்று. வறண்டு கிடந்த குன்றுகளில் மரம் வளர்த்து, பறவைகள் திரும்பி வந்ததைப் பிள்ளைகளே கணக்கெடுத்து எழுதிய இடம் அது.

நம் காலனியிலும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பின்பக்கத்து மைதானத்தில் புல் கதிர் விட்டதும் உடனே வெட்டி எரித்துவிடுகிறோம். பாம்பு அச்சம் நியாயமானதே. வீடுகளை ஒட்டிய பகுதியை வெட்டுவோம். வேலியோரத்தில் பத்தடி அகலம் மட்டும் விதை முற்றும் வரை விட்டுவைக்குமாறு நிர்வாகக் குழுவினரிடம் கேட்டிருக்கிறோம். இவ்வாண்டு இசைந்திருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு நீர்த்தொட்டி அருகிலிருந்து ஏரிக்கரைக்குப் புறப்படுகிறோம். பைனாக்குலர் ஒன்றுதான் இருக்கிறது. முறை வைத்துப் பார்ப்போம். நோட்டும் பென்சிலும் தொப்பியும் கொண்டு வாருங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். சிற்றுண்டி சங்கத்தின் செலவு. பாட்டிமாரும் வரலாம்; கரையின்மேல் நிழலில் அமர இடம் உண்டு, அங்கிருந்தே கோரைப் புதர் நன்றாகத் தெரியும்.